மார்புச் சுற்றளவு: மூச்சின் அளவுகோல் தசையின் அளவுகோலான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மார்பை அகலப்படுத்துதல் என்னும் நோக்கம் 19-ஆம் நூற்றாண்டில் நுரையீரலைப் பேணுவதாகவும் 20-ஆம் நூற்றாண்டில் பெருமார்புத் தசையை வளர்ப்பதாகவும் பொருள்கொள்ளப்பட்டது. பொருள் மாறியபோதும் அளக்கும் கருவி மாறவில்லை. இரண்டையும் ஒரே அளவுநாடாவே அளந்தது. உடற்கூற்றியல், படைத்தேர்வு, மேடை வித்தை, மற்கூடம், எடைப்பயிற்சிக் கூடம் ஆகிய களங்களின் வழியே இம்மாற்றத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது. மூச்சின் கொள்ளளவை மார்புச் சுற்றளவு காட்டாது என்பது 1846-லேயே அறியப்பட்டிருந்தும், அந்த அளவு இன்றும் வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கும் நிலை எவ்வாறு உருவானது என்பதே கட்டுரையின் வினா.

திறவுச்சொற்கள்

மார்புச் சுற்றளவு, பெருமார்புத் தசை, மூச்சுக் கொள்ளளவு, சாண்டோ, தண்டால், பெஞ்ச் பிரஸ், உடற்கூறு அளத்தல்.

முன்னுரை

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும் ஆண், எழுத்துத் தேர்வில் வென்றபின் உடற்கூறு அளத்தலுக்கு அழைக்கப்படுகிறார். உயரம் பார்க்கப்பட்டதும் அவர் மார்பைச் சுற்றி நாடா பிடிக்கப்படுகிறது. இயல்பு நிலையில் சுற்றளவு 81 செ.மீ. இருத்தல் வேண்டும். மூச்சை இழுத்து விரிக்கும்போது அது குறைந்தது 5 செ.மீ. கூடுதல் வேண்டும். விரிவு நான்கரை செ.மீ. அளவிலேயே நின்றுவிட்டால் அவர் வீடு திரும்ப வேண்டியதுதான்.

அந்த நாடா எதை அளக்கிறது? விரிவைக் கேட்பதால் மூச்சை அளப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் அளவில் சேர்வது விலாக்கூடும் தசையும் கொழுப்பும் தோலும். தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர் அதற்கெனச் செய்யும் பயிற்சியோ பெரும்பாலும் தண்டால், அதாவது தசைப்பயிற்சி. மூச்சைக் கேட்கும் விதிக்குத் தசையால் விடையளிக்கும் இந்த விந்தையான ஏற்பாடு ஒரே நாளில் தோன்றியதன்று. அதன் பின்னே ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. உடற்பயிற்சி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வீரர்களையும் போட்டிகளையும் பின்தொடர்கின்றனர். இங்கு அளவுநாடா பின்தொடரப்படுகிறது.

நாடாவுக்குள் அடங்குபவை

மார்பைச் சுற்றும் நாடா முன்புறத்தில் பெருமார்புத் தசையின்மீதும், பக்கங்களில் முன் இரம்பத் தசையின்மீதும், பின்புறத்தில் முதுகின் அகன்ற தசையின்மீதும் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையை ஒட்டியும் செல்கிறது. இவற்றுக்கெல்லாம் உள்ளே விலாக்கூடு; அதற்கும் உள்ளே நுரையீரல். அமைதியான மூச்சில் பெரும்பங்கு வேலையைச் செய்வது உதரவிதானம். அது கீழ்நோக்கி இறங்கும்போது மார்பறை நீள்கிறது, வயிறு முன்தள்ளுகிறது. மார்பின் நடுவே பிடிக்கப்பட்ட நாடாவுக்கு இந்த அசைவு ஏறத்தாழத் தெரிவதே இல்லை. வயிற்றால் ஆழமாக மூச்செடுக்கப் பழகிய ஒருவரை இந்த அளவை குறைத்தே மதிப்பிடும்.

பெருமார்புத் தசை விசிறி வடிவினது. காறை எலும்பின் உட்பகுதியிலிருந்து ஒரு கற்றையும், மார்பெலும்பிலிருந்தும் மேல் விலாக்களின் குருத்தெலும்புகளிலிருந்தும் மற்றொரு கற்றையும் புறப்பட்டு, புயவெலும்பின் மேற்பகுதியில் ஒன்றுசேர்கின்றன. சேருமிடத்தில் தசைநாண் முறுக்கிக்கொள்கிறது. கீழிருந்து வரும் இழைகள் மேலேயும், மேலிருந்து வருபவை கீழேயும் பற்றுகின்றன. கையை உடலின் குறுக்கே கொண்டுவருதல், உட்புறமாகத் திருப்புதல், பின்னே சென்ற கையை முன்னே இழுத்தல் ஆகியவை இதன் வேலைகள். கை உயர்ந்து ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால் அதே தசை உடலை மேலே இழுக்கும். பனை மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும் தொழிலாளியின் மார்பு திரண்டிருப்பதற்கு இதுவே காரணம். அவர் எந்தப் பயிற்சிக்கூடத்திற்கும் சென்றவர் அல்லர்.

மூச்சுக்கும் இத்தசைக்கும் தொடர்பே இல்லை என்றும் கூறிவிட முடியாது. நெடுந்தொலைவு ஓடியவர் முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து இரைப்பது யாவரும் கண்ட காட்சி. கை நிலையாக ஊன்றப்பட்டதால் மார்புத் தசை விலாக்களை வெளிநோக்கி இழுத்து மூச்சுக்குத் துணைசெய்கிறது. எனினும் அது நெருக்கடிக் காலத் துணை மட்டுமே. 1841-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராயிருந்த ஆல்ஃபிரட் போலந்து, ஓர் உடலை அறுத்தாய்ந்தபோது அதன் ஒரு பக்கத்தில் பெருமார்புத் தசையின் மார்பெலும்புக் கற்றை பிறவியிலேயே இல்லாதிருந்ததைப் பதிவு செய்தார். பின்னாளில் அக்குறைபாடு அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அந்தத் தசையின் பெரும்பகுதி இன்றியும் ஒருவர் வளர்ந்து ஆளாகி வாழ முடியும் என்பதை அப்பதிவு காட்டிற்று.

நூலும் உடலும்

தசையைப் பெயரிட்டு அறிந்தது பழைய செய்தி. 2-ஆம் நூற்றாண்டில் பெர்காமம் நகரின் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராயிருந்த கேலன், மார்பின் தசைகளையும் விலாவிடைத் தசைகளையும் மூச்சோடு சேர்த்தே ஆராய்ந்தார். அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் குரங்கு, பன்றி போன்ற விலங்குகள். ஆகவே மனித மார்பைப் பற்றிய அவருடைய கூற்றுகளில் விலங்கின் மார்பு கலந்தது. 1543-இல் வெளிவந்த ஆந்திரியாஸ் வெசாலியஸின் உடற்கூற்று நூல் இத்தகைய கலப்புகள் பலவற்றைக் களைந்தது. மார்பெலும்பு ஏழு துண்டுகளால் ஆனது என்னும் கேலனின் கருத்து அவற்றுள் ஒன்று. ஆனால் அந்நூலின் தசைப்படங்களுள் ஒன்றில் வயிற்றின் நேர்தசை மேல் விலாக்கள் வரை ஏறிச் செல்வதாகக் காட்டப்பட்டுள்ளது. மனிதனில் அவ்வாறு இல்லை. கேலன் கண்ட விலங்குகளில் உண்டு. பழைய ஆசிரியர் கூறியதைக் காட்டுவதற்காகவே அது வரையப்பட்டது எனக் கொண்டாலும், மார்பைப் பார்ப்பவர் கண்ணுக்கும் மார்புக்கும் இடையே எப்போதும் ஒரு நூல் நிற்கிறது என்பதற்கு அப்படம் நல்ல சான்று.

உயிருள்ள உடலில் தசையின் வேலையைக் காணும் வழியைப் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் கண்டார். தோலின்மேல் மின்முனை வைத்து ஒவ்வொரு தசையையும் தனித்தனியே சுருங்கச் செய்து, அதன் அசைவைக் குறித்தார். அம்முயற்சிகள் 1867-இல் நூலாயின. அதன்பின் தசை என்பது பிணத்தில் காணும் சதையாக மட்டுமன்றி, ஒரு குறிப்பிட்ட அசைவை உண்டாக்கும் பொறியாகவும் எண்ணப்பட்டது. ஒரு தசையைக் குறிவைத்துப் பயிற்சி செய்தல் என்னும் எண்ணம் வேர்கொள்ள இத்தகைய அறிவு தேவைப்பட்டது.

தமிழில் இவ்வறிவு வந்த வழி யாழ்ப்பாணத்து மானிப்பாயினூடே அமைந்தது. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். கால்வின் கட்டரின் உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் குறித்த பாடநூல் முதலில் தமிழாயிற்று. கிரேயின் உடற்கூற்று நூல் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழில் வந்தது. இவ்விரு நூல்களும் இருவேறு மார்புகளைக் கொண்டுவந்தன எனலாம். கிரேயின் மார்பு எலும்பு, தசை, நரம்பு, குழாய் ஆகியவற்றின் அடுக்கு. கட்டரின் மார்போ காற்று புழங்கும் அறை. இறுக்கமான உடையால் நெரிபடக் கூடாதது, பயிற்சியால் விரிக்கத்தக்கது. பொதுமக்களின் உடற்பயிற்சிச் சிந்தனையில் நெடுங்காலம் வென்றது இரண்டாவது மார்பே.

1846: ஒரே ஆண்டில் இரு நூல்கள்

மார்பளவின் வரலாற்றில் 1846 திருப்புமுனை. அவ்வாண்டு பெல்ஜியப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெத்தலே, நிகழ்தகவு குறித்த தம் கடிதங்களை நூலாக்கினார். அதில் 5,738 ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்புச் சுற்றளவு அட்டவணை இடம்பெற்றது. அந்த எண்கள் 1817-இல் எடின்பரோ மருத்துவ இதழ் ஒன்றில் வந்தவை. சீருடை தைப்பதற்குத் தேவைப்பட்ட வகையான எண்கள். சராசரி ஏறத்தாழ 40 அங்குலம். அச்சராசரியைச் சுற்றி எண்கள் மணி வடிவில் பரவியிருப்பதைக் கண்ட கெத்தலே, ஒரே சிலையைப் பலமுறை பிழையோடு அளந்தால் கிடைக்கும் பரவலுக்கு அதை ஒப்பிட்டார். தையற்காரனின் அளவு அன்று முதல் மனித இயல்பின் அளவாயிற்று. இயல்பான மார்பு என ஒன்று இருப்பதாகவும், அதிலிருந்து குறைபவர் இயற்கையின் பிழை என்பதாகவும் ஒரு பார்வை இங்கிருந்து வலுப்பெற்றது.

அதே ஆண்டில் இலண்டனில் ஜான் ஹட்சின்சன் தம் மூச்சளவிக் கருவியைக் கொண்டு ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். ஆழ உள்ளிழுத்தபின் ஒருவர் வெளிவிடக்கூடிய மொத்தக் காற்றுக்கு அவர் இட்ட பெயர் இன்றும் மருத்துவத்தில் வழங்குகிறது. உயிர்ப்புக் கொள்ளளவு எனத் தமிழில் கூறலாம். அவருடைய முடிவுகளுள் இரண்டு இக்கட்டுரைக்கு முக்கியமானவை. அக்கொள்ளளவு உயரத்தோடு ஒழுங்காக உயர்கிறது. மார்புச் சுற்றளவோடு நேரடித் தொடர்பு கொள்ளவில்லை. மார்புச் சுற்றளவு இயைந்து செல்வது உடல் எடையோடுதான்.

நாடா மூச்சை அளக்காது என்பது இவ்வாறு தொடக்கத்திலேயே கூறப்பட்டுவிட்டது. இருந்தும் படைத்துறை ஹட்சின்சனின் கருவியை விடுத்து நாடாவையே கைக்கொண்டது. காரணம் விளங்காதது அன்று. மூச்சளவி நீர்த்தொட்டியும் எடைகளும் கொண்ட பெரிய கருவி. அதில் ஊதுபவர் ஒத்துழைக்கவும் வேண்டும். நாடாவோ சட்டைப்பையில் அடங்கும். ஆயிரம் பேரை ஒரே காலையில் பார்த்து முடிக்க வேண்டிய அலுவலருக்கு எது உகந்தது என்பதில் ஐயமில்லை. காசநோய் பரவியிருந்த காலம் அது; ஒடுங்கிய மார்பு நோய்க்கு முன்னறிகுறி என்னும் நம்பிக்கையும் நாடாவுக்கு மருத்துவ மதிப்பை ஈட்டித் தந்தது. காசநோய்க்குக் காரணம் நுண்ணுயிரி என 1882-இல் ராபர்ட் காக் நிறுவிய பின்னும் அந்த மதிப்பு குன்றவில்லை.

மூச்சளவியும் தூய கருவியாக நீடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பின மக்களின் நுரையீரல் குறைந்த திறன் உடையது எனக் காட்ட அதைப் பயன்படுத்தினார். உழைப்பாலும் வறுமையாலும் வந்த வேறுபாட்டை இனத்தின் இயல்பாக எழுதிவைக்கும் வழக்கம் அதன்பின் நெடுங்காலம் நின்றது. மார்பை அளத்தல் ஒருபோதும் மார்பை மட்டும் அளத்தலாக இருந்ததில்லை.

படைகளின் நம்பிக்கைக்குப் பயிற்சியாளர்களும் துணைநின்றனர். ஆக்ஸ்ஃபோர்டில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய ஆர்ச்சிபால்டு மெக்லாரன், பிரிட்டிஷ் படையின் 12 கீழ்நிலை அலுவலர்களைப் பயிற்றுவித்து, அவர்கள் மார்புச் சுற்றளவு கூடியதைத் தம் முறையின் வெற்றிக்குச் சான்றாக்கினார். நன்கு வளர்ந்த ஆண்களின் விலாக்கூடு சில மாதங்களில் அங்குலக் கணக்கில் பெருத்தல் அரிது. கூடியதில் பெரும்பகுதி மார்பிலும் முதுகிலும் வளர்ந்த தசையாகவே இருந்திருத்தல் வேண்டும். 1901-இல் பிரெஞ்சுப் படை மருத்துவர் பிஞே ஒரு குறியீட்டு எண்ணையே வகுத்தார்: செ.மீ. அளவிலான உயரத்திலிருந்து, கிலோ அளவிலான எடையையும் செ.மீ. அளவிலான மார்புச் சுற்றளவையும் கழித்தல் வேண்டும். எஞ்சுவது சிறிதாயின் ஆள் வலியவன். இக்கணக்கின்படி கொழுத்தவன் எளிதில் வலியவனாகிவிடுவான். அது வகுத்தவருக்குத் தெரியாதிருந்திருக்காது. அலுவலகத்துக்கு ஓர் எண் தேவைப்பட்டது.

சாண்டோவின் மார்பு

1867-இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்த யூஜின் சாண்டோ, 1889-இல் இலண்டன் மேடையில் புகழ்பெற்றார். 1893-இல் அமெரிக்கா சென்றார். மார்பைச் சுற்றிக் கட்டிய சங்கிலியை மூச்செடுத்து அறுத்தல் அக்கால வலிமை வித்தைக்காரர்களின் பெயர்பெற்ற காட்சி. அவரும் அதைச் செய்தார். அவருடைய மார்பு இயல்பு நிலைக்கும் விரிந்த நிலைக்கும் இடையே பத்து அங்குலத்துக்கும் மேல் வேறுபடுவதாக விளம்பரம் செய்யப்பட்டது. இயல்பான ஓர் ஆணுக்கு விரிவு பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குலமே.

விலாக்கூடு பத்து அங்குலம் விரிய இயலாது. அப்படியாயின் அங்கு விரிந்தது எது? தோள்பட்டை எலும்புகளை இருபுறமும் விலக்கி முதுகின் அகன்ற தசையை விரித்து, பெருமார்புத் தசையை இறுக்கி முன்தள்ளினால் நாடா பெருமளவு நகரும். மூச்சு அதில் சிறு பங்கு. பார்வையாளர் கண்டது நுரையீரலின் ஆற்றல் என நம்பினர். உண்மையில் அவர்கள் கண்டது தசையின் கட்டுப்பாடு. மூச்சின் அளவுகோல் தசையின் அளவுகோலாக மாறிய தருணத்தைக் காட்டுக எனக் கேட்டால் இந்த மேடையைத்தான் காட்ட வேண்டும். சாண்டோ அந்த மாற்றத்தை அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் வித்தை கெட்டிருக்கும்.

அவர் செய்த மற்றொன்று மேலும் நிலைபெற்றது. 1901 செப்டம்பர் 14 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடலழகுப் போட்டியில் சிற்பி சார்லஸ் லாஸ், எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் ஆகியோர் அவரோடு நடுவர்களாக அமர்ந்தனர். நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் மரே வென்றார். மிகப் பெரிய தசைக்குப் பரிசில்லை. உடல் முழுதும் ஒத்த வளர்ச்சி பெற்றவருக்கே பரிசு. தூக்கிய எடையோ ஓடிய தொலைவோ அங்குக் கேட்கப்படவில்லை. பார்க்கப்படும் தசை, தன் வேலையிலிருந்து பிரிந்து தனியே மதிப்புப் பெற்றது. 1904–05 பயணத்தில் சாண்டோ இந்தியாவுக்கும் வந்தார். சுருள்வில் பொருத்திய அவருடைய கைக்குண்டு அவருக்கு முன்னும் பின்னும் விளம்பரம் வழியே பயணம் செய்தது.

தண்டால்

சாண்டோவின் முறை வந்த நாடு பயிற்சியறியாத நாடன்று. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' மல்லரின் உணவையும் பயிற்சியையும் விரித்துக் கூறுகிறது. வட இந்திய மற்கூடங்களில் 'தண்ட்' எனவும், தமிழில் தண்டால் எனவும் வழங்கும் பயிற்சி, மேலைநாட்டுக் கைத்தாங்கல் பயிற்சியிலிருந்து வேறுபட்டது. உடல் பலகை போல ஒரே நேராக ஏறி இறங்குவதில்லை. இடுப்பு உயர்ந்த நிலையில் தொடங்கி, மார்பு தரையை உரசுவதுபோல் தாழ்ந்து முன்சென்று, முதுகு வளைந்து தலை நிமிர்ந்து முடிகிறது. இதில் பெருமார்புத் தசையும் முக்கை நீட்டுதசையும் தோளும் முதுகும் இடுப்பும் மாறி மாறிச் சுமை ஏற்கின்றன. எந்தத் தசைக்கும் இதைத் தனியுரிமை கொடுத்துச் சொல்ல முடியாது.

மற்கூடம் தண்டாலை எண்ணிக்கையால் அளந்தது, நாடாவால் அன்று. 1910-இல் இலண்டன் சென்று போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவை எதிர்கொண்ட காமா, நாள்தோறும் மூவாயிரம் தண்டால் எடுத்தார் என்பது மல்லரிடையே வழங்கும் செய்தி. எண் மிகையாக இருக்கலாம். ஆனால் பெருமை எண்ணிக்கையில் வைக்கப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. அத்தனை முறை செய்ய மூச்சு வேண்டும். மூச்சும் தசையும் பிரிக்கப்படாத பயிற்சி அது. கர்லாக்கட்டையின் கதையும் இத்தகையதே. அதை இந்தியாவில் கண்ட ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1834-இல் டொனால்டு வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் அது இடம்பெற்றது. இலண்டனில் அது மற்போருக்கான கருவியாக இல்லை. தோளை நிமிர்த்தி மார்பைத் திறக்கும் சுகாதாரக் கருவியாயிற்று.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியாவில் இரு போக்குகள் அருகருகே வளர்ந்தன. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி, பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கிற்று. அது குழு விளையாட்டுக்கும் ஒழுங்குக்கும் இடமளித்தது. பெங்களூரில் கே. வி. ஐயர் நடத்திய கூடமோ தசைக்கென்றே அமைந்தது. 1930-இல் அவர் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பே தசை வழிபாட்டைக் குறிப்பது. அஞ்சல்வழியும் அவர் பயிற்சி அளித்தார். தண்டாலை அவர் கைவிடவில்லை. அதை எடைப்பயிற்சியோடும் யோகத்தோடும் சேர்த்தார். ஆனால் அவர் கைக்குச் சென்றதும் தண்டால் எண்ணிக்கைப் பயிற்சியாக நிற்கவில்லை. ஒளிப்படத்தில் தெரியும் மார்பை ஆக்கும் வழியாயிற்று. சிவப்பு மண் கிடங்கிலிருந்து நிலைக்கண்ணாடிக்கு முன் வந்து நின்ற தண்டாலுக்கு அசைவு மாறவில்லை, பொருள் மாறிற்று.

படுத்துத் தூக்குதல்

மேலைநாட்டிலும் மார்புத் தசைக்கெனத் தனிப்பயிற்சி எளிதில் வந்துவிடவில்லை. அதற்குக் காரணம் புவியீர்ப்பு. நின்றுகொண்டு எடையைத் தலைக்குமேல் உயர்த்தினால் சுமை தோளின்மீது விழுகிறது. கையை உடலின் குறுக்கே கொண்டுவரும் தசைக்கு எதிராக எடை இழுக்க வேண்டுமாயின் மனிதன் மல்லாந்து படுத்தல் வேண்டும். வலிமையை நிமிர்ந்து நிற்றலோடு சேர்த்தெண்ணிய காலத்தில் படுத்துத் தூக்குதல் சோம்பலாகவே கருதப்பட்டது. 1898-இல் மல்லர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் தரையில் படுத்து 361 பவுண்டு எடையை உயர்த்தினார். 1916-இல் ஜோ நார்ட்குவெஸ்ட் சற்றே கூடுதலாக உயர்த்தும்வரை அது முறியவில்லை. 18 ஆண்டுகள் அது நின்றதற்கு ஹாக்கன்ஷ்மிட்டின் வலிமை மட்டும் காரணமன்று. முயன்றவர் குறைவு என்பதும் காரணம். தரையில் படுத்தால் முழங்கை தரையில் முட்டிவிடும். மார்புத் தசை முழுதும் நீளாது. உயர்ந்த பலகை வந்தபின்பே கை மார்புக்குக் கீழ்வரை இறங்க முடிந்தது. எடையைத் தாங்கும் முட்டுகள் பின்னரே சேர்ந்தன. பெஞ்ச் பிரஸ் என இன்று வழங்குவது பயிற்சியின் பெயராக இருந்தாலும் உண்மையில் ஒரு தச்சுவேலையின் விளைவு.

இடைப்பட்ட காலத்தில் பழைய மூச்சுக் கொள்கை கடைசியாக ஒருமுறை தலைதூக்கிற்று. 1930-களில் அமெரிக்கப் பயிற்சியாளர்களிடையே, குறிப்பாக ஜோசப் கர்ட்டிஸ் ஹைஸ் வழியே, தோளில் எடை சுமந்து ஒவ்வொரு பஸ்கிக்கும் இடையே பலமுறை ஆழ மூச்செடுக்கும் முறை பரவிற்று. அதையடுத்துப் பலகையில் படுத்து, இலேசான எடையைத் தலைக்குப் பின்னிருந்து மார்புக்குமேல் கொண்டுவருதல் வேண்டும். இதனால் விலாக்கூடே பெருக்கும் என அவர்கள் நம்பினர். செய்தவர் பலருக்குச் சுற்றளவு கூடிற்று, எடையும் கூடிற்று. ஹட்சின்சன் 1846-இல் கண்ட எடை–சுற்றளவு இயைபை அவர்கள் தம் உடலிலேயே மெய்ப்பித்தனர், காரணத்தை மட்டும் மாற்றிச் சொன்னார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பலகை வென்றது. கனடாவின் டக் ஹெப்பர்ன் 1950-களின் தொடக்கத்தில் 500 பவுண்டு எடையைப் படுத்து உயர்த்தினார். 1972-இல் பன்னாட்டு வலுதூக்குதல் கூட்டமைப்பு உருவானபோது பெஞ்ச் பிரஸ் அதன் மூன்று தூக்குகளுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கோடு, நின்று உயர்த்தும் பிரஸ் முறை ஒலிம்பிக் பளுதூக்குதலிலிருந்து நீக்கப்பட்டது. நடுவர்கள் தீர்ப்பிடுவது கடினமாயிற்று என்பதே அதற்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணம். வீரர்கள் முதுகைப் பின்னே வளைத்து அதை ஏறத்தாழப் படுத்துத் தூக்கும் பிரஸ்ஸாகவே ஆக்கியிருந்தனர். தோளின் வேலையில் மார்புத் தசை பங்கு கேட்டதன் விளைவு என்றும் இதைக் காணலாம்.

மின்முனையின் சாட்சி

தசைக்குள் எழும் மின்குறியைப் பதிவுசெய்யும் முறை வந்தபின், பயிற்சிக்கூட நம்பிக்கைகளை அளந்து பார்க்க முடிந்தது. 1944-இல் இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகியோர் தோள்மூட்டைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. 1995-இல் பார்னெட், கிப்பர்ஸ், டர்னர் ஆகியோர் பலகையின் சாய்வை மாற்றிப் பார்த்தனர். தலைப்பக்கம் உயர்ந்த பலகை மேல்மார்பையும், தாழ்ந்த பலகை கீழ்மார்பையும் வளர்க்கும் என்பது கூடங்களில் வேதவாக்கு. அவர்கள் கண்டது வேறு: காறை எலும்புக் கற்றை உயர்ந்த பலகையில் சமபலகையைவிடக் கூடுதலாக வேலை செய்யவில்லை; மார்பெலும்புக் கற்றையோ தாழ்ந்த பலகையைவிடச் சமபலகையிலேயே மிகுதியாக வேலை செய்தது. பின்வந்த ஆய்வுகள் சில உயர்ந்த பலகைக்குச் சாதகமாகவும் அமைந்துள்ளன. மின்குறியின் உயரம் தசையின் வளர்ச்சிக்கு நேரளவு ஆகாது என்பதும் நினைவிற்குரியது. நாடாவின் இடத்தில் மின்முனையை அப்படியே அமர்த்திவிட்டால் பழைய பிழை புதிய கருவியோடு தொடரும்.

தேர்வுக் களம்

நாடாவின் அதிகாரத்தை அண்மையில் ஒரு நீதிமன்றம் வினவியது. இராஜஸ்தானில் வனத்துறைப் பணிக்கு விண்ணப்பித்த பெண்கள் சிலர், உடல்திறன் தேர்வில் வென்றும் மார்பளவு போதாமையால் தகுதியிழந்தனர். 2023 ஆகஸ்டில் அவ்வழக்கை முடித்த இராஜஸ்தான் உயர்நீதிமன்றம், நடந்து முடிந்த தேர்வில் தலையிடவில்லை. ஆயினும் பெண்களின் மார்பை அளத்தல் அவர்தம் கண்ணியத்தைக் குலைக்கும் செயல் எனக் கண்டித்தது. சுற்றளவு உடல்தகுதியையோ நுரையீரல் திறனையோ காட்டாது எனக் கூறி, வேறு வழி தேடுமாறு அரசைப் பணித்தது. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் பெண்களுக்கு மார்பளவு இல்லை. பெண்களுக்கு மூச்சு தேவையில்லை என்று எவரும் கருதுவதில்லை. நாடா இன்றியும் மூச்சை அறிய முடியும் என்பதைத் தேர்வு விதியே ஒப்புக்கொள்கிறது. ஆணின் மார்பு அளக்கப்படும்போது கண்ணியம் பற்றிய வினா எழுவதில்லை. அளவு சரிதானா என்னும் வினாவும் அதனால் எழாமலே போயிற்று.

அந்த வினாவுக்கான விடை தேர்வுக் களத்திலேயே இருக்கிறது. ஆண்களுக்கு 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களில் ஓடும் சோதனை உண்டு. நுரையீரலும் இதயமும் காலும் ஒத்துழைக்காமல் அதை முடிக்க முடியாது. அடுத்த கட்ட உடல்திறன் போட்டிகளில் கயிறு ஏறுதல் உண்டு. உயர்த்திய கையால் உடலை மேலிழுக்கும் அந்த அசைவில் பெருமார்புத் தசையும் முதுகின் அகன்ற தசையும் தம் முழு வேலையைச் செய்கின்றன. மூச்சும் தசையும் தனித்தனியே, ஐயத்துக்கு இடமின்றி, அங்குச் சோதிக்கப்படுகின்றன. உடற்கூறு அளத்தலில் ஒரு செ.மீ. குறைந்தவர் அந்தக் கயிற்றின் அருகே செல்வதில்லை.